வெள்ளை அடித்த கல்

அன்று காலையில் மாடன் பீடத்துக்கு முன்னால் யார் யார் நின்றார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கோமரத்தாடி நின்றார். கொடைத் திருவிழா நாளில் மாடன் அவர் மேல்தான் இறங்குவார். மற்ற நாளில் அவர் மரச்சீனிக் கிழங்கு பயிரிடுகிற ஒரு மனுஷன். ஊர்த்தலைவர் நின்றார், கக்கத்தில் குடை. சாயாக்கடைக்காரர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார். மேலத்து வீட்டுக்காரி வெள்ளம் கோரிய குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றாள். நான் நின்றேன். என் கையில் தோல் வார். வாரின் மறு நுனியில் நாய். மாடனும் நிற்கிறார் என்று கோமரத்தாடி சொன்னார்.

நாய் பீடத்தில் காலைத் தூக்கி முடித்திருந்தது. பீடம் பாசியும் எண்ணெய்ப் புகையும் பிடித்துக் கறுத்துக் கிடந்தது. அதில் ஈரம் வடிந்து மண்ணுக்கு இறங்கியது. எல்லோரும் அந்த ஈரத்தையே பார்த்தார்கள்.

"இது எத்தனாவது தடவை பிள்ளே?" என்றார் கோமரத்தாடி.

"நான் எண்ணல்ல மாமா."

"மாடன் எண்ணுதாரு."

மேலத்து வீட்டுக்காரி நாயைக் காட்டி, "துரைக்க பட்டியில்லா. அதுக்கு நம்ம சாமியத் தெரியுமா?" என்றாள். சாயாக்கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்டுல கெட்டிப் போடு" என்றார் தலைவர்.

"கெட்டிப் போட்டா அது மோளாது. வெளிக்கும் போவாது. துரை வாருல கொண்டு நடந்து பழக்கியாச்சு."

"அப்பம் பட்டி சொல்லுததத்தான் நீ கேக்குதியா?"

நான் நாயைப் பீடத்திலிருந்து தள்ளி இழுத்தேன்.

கோமரத்தாடி குரலை உயர்த்தவே இல்லை. "பங்குனியில கொடை. அதுக்கு முன்ன பட்டிக்க வழக்கம் மாறணும். மாறலேன்னா மாடன் எடுத்துக்கிடுவாரு."

எடுத்துக்கொள்வது என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். முந்தின கொடைக்கு ஒரு தெருநாய் படையல் சோற்றில் வாய் வைத்தது. அதை யாரும் விரட்டக்கூட இல்லை. கொடை முடிந்த மறுநாள் வாய்க்கால் ஓரத்தில் விறைத்துக் கிடந்தது. வாய் நிறைய நுரை. காஞ்சிரங்கொட்டையை அரைத்து இறைச்சியில் உருட்டி வைத்தால் நாய் அப்படித்தான் கிடக்கும். யார் வைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாடன் எடுத்துக்கொண்டார் என்றார்கள். அந்த நாயை இழுத்துக்கொண்டு போனவனும் அதைத்தான் சொன்னான்.

அது ஐப்பசி மாதம். திருவிதாங்கூரைக் கொச்சியோடு சேர்த்த காலம்.

நாய் எங்களுக்கு வந்த விதம் இது. என் வீட்டுக்காரர் குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் வேலை பார்த்தார். ரோட்டோரக் கல்லுக்கு வெள்ளை அடிப்பது அவர் வேலை. இருட்டில் துரையின் கார் இறங்கும்போது வளைவு தெரிய வேண்டும். மழையில் வெள்ளை கரையும். திரும்ப அடிப்பார். வருஷம் முழுக்க அதே வேலை.

சுதந்திரம் வந்து கொஞ்ச காலத்தில் துரை சீமைக்குப் புறப்பட்டார். நாயைக் கொண்டுபோக வழியில்லை. சுட்டுவிடுவதாக இருந்தாராம். என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். அதே மாதம் இருமல் கூடிப்போய் அவரையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். உயரமான நாய். தவிட்டு நிறம், தொங்கிய காது. கழுத்தில் பட்டை, கூடவே தோல் வார். துரை வைத்த பெயர் எங்கள் வாயில் புரளவில்லை. பட்டி என்றே கூப்பிட்டோம். எங்கள் பக்கத்தில் நாய்க்கு அதுதான் பேச்சு.

அவர் கட்டிலில் கிடந்தார். நாய் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அவர் இருமினால் அது தலையைத் தூக்கும். இருமல் நின்றால் தலையைக் கீழே வைக்கும். அந்த வீட்டில் அவரைக் கவனித்தது நான் பாதி, அது பாதி.

காலையும் மாலையும் வாரை மாட்டி வெளியே கொண்டுபோகாவிட்டால் அது ஊளையிடும். நோயாளி கிடக்கிற வீட்டிலிருந்து நாய் ஊளை கேட்டால் ஊர் என்ன நினைக்கும்? ஒருநாள் ஊளை கேட்டு மேலத்து வீட்டுக்காரி ஓடிவந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். அவர் எழுந்து உட்கார்ந்து, "இன்னும் இல்ல பிள்ளே, நாளைக்கு வா" என்றார். அவள் போய்விட்டாள். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு வேளைகூட விடாமல் கொண்டுபோனேன்.

போக ஒரே தடம்தான். எங்கள் வீடு பள்ளத்தில். ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் பாறை. பின்னால் தலைவருடைய வயல். வரப்பில் நாயோடு ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தார். தடம் மேலே ஏறித் திரும்புகிற முக்கில் மாடன். அதற்கப்புறம் சாயாக்கடை, அதற்கப்புறம் ரோடு. திருவட்டாறு போனாலும் மார்த்தாண்டம் போனாலும் மாடனை ஒட்டித்தான் போக வேண்டும்.

நாய் எல்லாவற்றிலும் காலைத் தூக்கியது. வேலிக்கம்பு, தென்னைமூடு, சாயாக்கடைத் தூண், சந்தைக்குப் போகச் சாத்தி வைத்த வாழைக்குலை. கொஞ்சம் கொஞ்சமாக. தீர்ந்த பிறகும் தூக்கியது.

முதலில் அடித்தேன். புளியங்கம்பு. அடியை வாங்கிக்கொண்டே தூக்கியது. பிறகு வாரைப் பிடித்து இழுத்தேன். மூன்று காலில் நொண்டிக்கொண்டே பெய்தது. சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

"துரைச்சி வாறா, எழும்புங்கலே."

"ஏட்டி, பட்டிய நீ கொண்டு போறியா, பட்டி உன்னக் கொண்டு போவுதா?"

"ரெண்டுபேரும் ஒண்ணாத்தான் போறோம். உமக்கு என்ன?" என்றேன்.

"எனக்கு என்னவா? எனக்க தூணுல்லா நனையுது!" என்றார் சாயாக்கடைக்காரர்.

பீடத்தின் முன்னால் அந்தப் பேச்சு நடந்த பிறகு யாரும் அப்படிக் கேலி பேசவில்லை. நாங்கள் வரும்போது கடையில் பேச்சு நின்றுவிடும். போன பிறகு தொடங்கும். கேலியே தேவலை என்று இருந்தது.

அடிப்பதை விட்டேன். பார்த்தேன். நாய் காலைத் தூக்குவதற்கு முன்னால் என்ன செய்கிறது என்று பார்த்தேன். முதலில் மூக்கு கீழே போகும். அடுத்தது நடை நிற்கும். ஒரே இடத்தை மோந்துகொண்டே பின்பக்கம் திரும்பும். கடைசியில்தான் கால். கால் ஏறிய பிறகு என்ன செய்தும் ஒன்றும் ஆகாது. மூக்கு இறங்கும்போதே பிடிக்க வேண்டும்.

வாரைக் கையில் சுற்றிக் குறுக்கினேன். நாயை முட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். தூணைப் பார்க்க மாட்டேன், மூக்கைத்தான் பார்ப்பேன். அது இறங்கத் தொடங்கியதும் "நட" என்பேன். வேகம் கூட்டுவேன். நடை நிற்காவிட்டால் காலைத் தூக்க முடியாது. கடந்ததும் மடியிலிருந்து ஒரு துண்டு சாளைக் கருவாடு. அதன் பிறகு வாரைத் தளர விடுவேன். தவறினால் அடி கிடையாது, கருவாடும் கிடையாது. திரும்பி வந்து மறுபடியும் அதே தூணைக் கடப்போம்.

ஆனால் மூத்திரம் முட்டிக்கொண்டு வருகிற நாய்க்குக் கருவாடு காட்டிப் பயனில்லை. புறப்படும் முன்னால் அது ஒரு இடத்தில் ஒழித்துவிட்டு வர வேண்டும். முற்றத்தில் அது போகாது. மோந்து பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

சாயாக்கடை முக்கில் ஒரு கல் நட்டிருந்தது. ஊர் நாய்கள் எல்லாம் அதில்தான். ஒருநாள் கடப்பாரையோடு போய் அதைப் பெயர்த்தேன்.

"ஏட்டி, அது என்னத்துக்கு?"

"வேணும்."

"ஊருல உள்ள பட்டி பூரா மோண்ட கல்லுல்லா அது!"

"அதுக்குத்தான்."

சாயாக்கடைக்காரர் உள்ளே திரும்பி, "இவளையும் மாடன் அடிச்சாச்சு" என்றார்.

தலையில் சும்மாடு வைத்துக் கல்லைச் சுமந்து வந்தேன். முற்றத்து ஓரத்தில் பலாமூட்டுக்குப் பக்கத்தில் நட்டேன். நாய்க்கு வாரை மாட்டி, தடத்தில் கொஞ்ச தூரம் ஏறி, திரும்பக் கொண்டுவந்து கல்லின் பக்கத்தில் விட்டேன். நெடுநேரம் மோந்தது. காலைத் தூக்கியது. கருவாடு கொடுத்தேன். அன்று மாடனைத் தாண்டும்போது மூக்கு இறங்கவே இல்லை.

விடிகாலையில் மங்கலாக இருக்கும்போது அந்தக் கல்லில் காலை இடித்து என் பெருவிரல் நகம் பெயர்ந்தது. அவர் கட்டிலிலிருந்து பார்த்தார். "கண்டா தெரியணும்லா" என்றார்.

அன்று வெயில் ஏறியதும் அவரே எழுந்தார். நீற்றின சுண்ணாம்பு ஒரு சிரட்டையில் இருந்தது. வெள்ளம் விட்டுக் கலக்கினார். தென்னை மட்டையின் நுனியைத் தட்டி நாராக்கினார். கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வெள்ளை அடித்தார். எஸ்டேட்டிலிருந்து வந்த பிறகு அவர் செய்த முதல் வேலை அது. அடித்து முடித்துவிட்டு மூச்சு வாங்கினார். நாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அதன் மூக்கிலும் ஒரு பொட்டு வெள்ளை.

அதன் பிறகு அது அவர் வேலையாகிவிட்டது. கல் மஞ்சளித்தால் அடிப்பார். மழை கரைத்தால் அடிப்பார். எங்கள் முற்றத்தில் எப்போதும் புதுச் சுண்ணாம்பு வாசம் இருந்தது. இருமல் இருக்கிறவருக்குச் சுண்ணாம்பு நல்லதா என்று தெரியாது. சந்தோஷமாக அடித்தார். தடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கார்த்திகை போயிற்று. மார்கழி போயிற்று. நாய் சாயாக்கடைத் தூணைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தது. மாடன் முக்கில் நான் "நட" என்று சொல்வதற்கு முன்னாலேயே வேகம் கூட்டியது. கருவாட்டைக் குறைத்துக்கொண்டேன். தூண்கள் முடிந்து ரோட்டோரத்து ஓடைக்கு வந்ததும் மற்றக் காரியத்தை முடித்துக்கொள்ளும். வீட்டுக்குத் திரும்பியதும் நேரே வெள்ளைக் கல்லுக்குப் போகும். முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். அந்த ஒரு கருவாட்டை மட்டும் நான் குறைக்கவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் கோமரத்தாடி பீடத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் கடந்து போனோம். திரும்பி வரும்போதும் அங்கேயே நின்றார். மறுபடியும் கடந்தோம்.

"கொள்ளாம்" என்று தலையை ஆட்டினார்.

நான் நின்றேன். "அப்பம் இனி ஒண்ணும் இல்லியே மாமா?"

அவர் நாயைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "கொடை வரட்டு" என்றார்.

அதற்குள் ஊரில் வேறு பேச்சு வந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு இருமலில் ரத்தம் வந்தது. அது மாடன் கோபம் என்றார்கள். பட்டி மோண்டதற்கு மாடன் அதன் உடையவனைப் பிடித்திருக்கிறார் என்றார்கள். சாயாக்கடைக்காரர் வீட்டுக்கே வந்து அதைச் சொன்னார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. ஒரு சீப்புப் பழமும் கொண்டுவந்திருந்தார்.

"பட்டி மோண்டதுக்கா எனக்கு இருமல்?" என்றார் இவர். "நான் இரும ஆரம்பிச்சப்பம் இந்தப் பட்டி துரைக்க மெத்தையில கெடந்து ஒறங்குச்சு. மாடனுக்கு அம்புட்டுத் தூரம் கண்ணு தெரியுமா?"

"நீரு இப்பிடிப் பேசப் பிடாது" என்றார் சாயாக்கடைக்காரர். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பழத்தை வைத்துவிட்டு எழுந்து போனார்.

பங்குனி பிறந்தது. செவ்வாய்க்கிழமை கால்நாட்டினார்கள். காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் கொடை முடிகிறவரைக்கும் ஊரைவிட்டுப் போனவர்கள் விளக்கு வைக்கும் முன்னால் திரும்பி வந்துவிட வேண்டும். வெளியூரில் தலை சாய்க்கக்கூடாது. உயிர்க்கொலையும் ஆகாது, மாடனுக்கு என்று கொடுப்பது தவிர. எங்களுக்கு அது பழக்கம். யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நாயைக் கொண்டு தடத்தில் ஏறினேன். முக்கு திரும்பினேன்.

பீடம் வெள்ளையாக நின்றது.

வருஷத்துக்கு ஒரு தடவை, கொடைக்குத்தான் மாடனுக்கு வெள்ளை அடிப்பார்கள். நான் பிறந்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஆனால் பீடம் எங்களுக்கு மாடன். கறுப்பா வெள்ளையா என்று யாரும் பார்ப்பதில்லை. பிடிபட வேண்டியது எனக்கு அப்போதும் பிடிபடவில்லை. நன்றாக அடித்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. வாசம் எனக்கே அடித்தது.

நான் நாயின் மூக்கைப் பார்த்தேன். அது இறங்கவில்லை. தலை நிமிர்ந்திருந்தது. வால் ஆடியது. நிற்கவில்லை, மோக்கவில்லை. வீட்டுக்குப் போகிறதுபோல நேரே போயிற்று. வார் என் கையில் ஓடியது. காலைத் தூக்கியது. காலையில் முற்றத்தில் ஒழித்துவிட்டுத்தான் வந்தது. இருந்தாலும் மிச்சம் வைத்திருந்தது. முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது.

கருவாட்டுக்கு.

சாயாக்கடைக்காரர் கையில் மட்டையோடும் சுண்ணாம்புச் சட்டியோடும் பீடத்துக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தார். கோமரத்தாடி காப்புக் கட்டிய கையோடு நின்றார். மஞ்சள் கயிறு. கோமரத்தாடி சட்டியை வாங்கி, நனைந்த பக்கத்தில் மிச்சச் சுண்ணாம்பைச் சரித்து ஊற்றினார். அது வழிந்து அடியில் தேங்கியது. நாய் அதையும் பார்த்து வாலை ஆட்டியது.

"காப்புக் கெட்டியாச்சு. இப்பம் ஒண்ணும் செய்யப் பிடாது" என்றார். "கொடை முடியட்டு."

வசவு இல்லை, சத்தம் இல்லை. சாயாக்கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாயைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். அன்று ரோட்டுக்குப் போகவில்லை.

வீட்டில் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முற்றத்தைப் பார்த்தார். கல் வெயிலில் நின்றது. முந்தின நாள்தான் அடித்திருந்தார். அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. முகத்தைப் பார்த்ததும் எனக்கும் பிடிபட்டது.

"நான் அடிச்ச சுண்ணாம்பு" என்றார்.

"கஞ்சி குடிங்க" என்றேன்.

கொஞ்சம் குடித்தார். பிறகு, "மேல எஸ்டேட்டு கேட்டுல வாட்சர் இருக்கான். எனக்க கூட்டுக்காரன். பட்டிய வச்சுக்கிட நான் கேட்டேன்னு சொல்லு" என்றார். "கொடைக்குப் பின்ன கொண்டு போலாம்னு நெனைக்காத. பின்ன பட்டி இருக்காது."

"நாளைக்குப் போறேன்."

"இருட்டும் முன்ன வந்துரு. காப்பு."

"தெரியும்."

மறுநாள் வெளுத்ததும் புறப்பட்டேன். அவர் கழுத்துப்பட்டையை ஒரு துளை இறுக்கினார். நாயின் தலையில் கை வைத்தார். எடுத்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். நாய் கட்டிலுக்கு அடியில் போகப் பார்த்தது. நான் வாரை இழுத்தேன்.

எங்கள் மாடனைத் தாண்டும்போது நான் பீடத்துக்கும் நாய்க்கும் நடுவில் நடந்தேன். கருவாட்டைக் கைக்குள் வைத்து அதன் மூக்கோடு ஒட்டிப் பிடித்திருந்தேன். தாண்டிவிட்டோம். அங்கே யாரும் இல்லை. முந்தின நாள் வழிந்த சுண்ணாம்பு தரையில் இறுகிக் கிடந்தது.

ரோட்டில் பஸ் வந்தது. கை காட்டினேன். நின்றது.

"பட்டிக்கு டிக்கெட்டு இல்ல கேட்டியா."

"எனக்கு எடுக்கேன். இது மடியில இருக்கும்."

"இம்புட்டுப் பெரிய பட்டியா? உன்னத்தான் அது மடியில வைக்கணும்" என்றார் கண்டக்டர். பஸ் போய்விட்டது.

நடந்தோம். பங்குனி மாதம் எங்கள் ஊருக்கு மட்டும் இல்லை என்று அன்றுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு ஊர் முக்கிலும் ஒரு மாடன், ஒரு இசக்கி. எல்லாவற்றுக்கும் புது வெள்ளை. பெரிய வியாழன் வருகிறது என்று வேதக்காரர்கள் ரோட்டோரக் குருசடிகளுக்கும் அடித்திருந்தார்கள். அய்யா வழிக்காரர்களின் நிழல்தாங்கல் தூணுக்கும் அடித்திருந்தார்கள். பாலத்துக் கைப்பிடிச் சுவர், மைல்கல். அந்த ரோட்டில் வெள்ளை இல்லாத வளைவே இல்லை. ஒவ்வொன்றும் தூரத்தில் தெரியும்போதே நாய் தலையை நிமிர்த்தியது. அதற்கு அது நல்ல வழி. முற்றத்துக் கல் ஊர் ஊராக நின்றது.

மூக்கைப் பார்த்து நடக்கிற வழி அங்கே உதவவில்லை. இனி நான் வெள்ளையைப் பார்க்க வேண்டியிருந்தது. அது கண்ணில் பட்டதும் நாயை மறுபக்கம் மாற்றுவேன். என் உடம்பால் மறைப்பேன். கருவாட்டைக் காட்டுவேன். "நட, நட" என்று ஓட்டமும் நடையுமாகப் போவேன். மைல்கல்லில் மட்டும் விட்டேன். மைல்கல்லுக்கு யாரும் காப்புக் கட்டுவதில்லை.

ஒரு குருசடியில் இரண்டு பெண்கள் மெழுகுதிரி பொருத்திக்கொண்டிருந்தார்கள். நாயைப் பார்த்ததும் ஒருத்தி முந்தானையை விரித்துக் குருசை மறைத்து நின்றாள். எங்கள் ஊர்ப் பேச்சு அதற்குள் அங்கே போயிருந்ததா என்று தெரியாது. நான் கேட்கவில்லை.

அதற்கு மேலே ஒரு ஏற்றத்தில் ஆட்கள் மாடனுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பேர். ஈரச் சுண்ணாம்பு வாசம். நாய் ஒரே இழுப்பாக இழுத்தது. வாரின் தையல் பட்டைக்குப் பக்கத்தில் பிரிந்தது. பாதி பிரிந்துவிட்டது. இன்னொரு இழுப்புக்கு நிற்காது.

பட்டையைக் கையால் பிடித்தேன். குனிந்து நாயை அப்படியே இரண்டு கையாலும் தூக்கினேன். நல்ல கனம். பின்னங்கால்கள் என் முட்டில் இடித்தன. நடந்தேன்.

மட்டையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தன், "ஏ பிள்ளே, பட்டிக்குக் கால் இல்லியா?" என்றான்.

"இருக்கு. அது காலைத் தூக்கும். அதுக்கு முன்ன நான் அதைத் தூக்கிட்டேன்."

சிரித்தார்கள். நானும் சிரிப்பதுபோலப் பல்லைக் காட்டினேன். வளைவு மறைகிறவரைக்கும் இறக்கவில்லை. இறக்கியபோது கை விறைத்துவிட்டது. வாரை முடிச்சுப் போட்டேன்.

எஸ்டேட்டு கேட்டுக்கு வந்தபோது உச்சி சாய்ந்திருந்தது. வாட்சர் காவல் கூண்டிலிருந்து வெளியே வந்தார். நாயைப் பார்த்தார்.

"துரைக்க பட்டியா இது? நீ?"

யார் என்று சொன்னேன். அவர் கேட்டார் என்று சொன்னேன்.

"இருமலு?"

"இருக்கு."

அதற்கு மேல் கேட்கவில்லை. "விடு" என்றார்.

வாரைக் கழற்றினேன். கேட்டுக்கு உள்ளே ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கல். வேறு யாரோ அடித்த வெள்ளை. நாய் முதல் கல்லுக்குப் போயிற்று. காலைத் தூக்கியது. திரும்பி என்னைப் பார்த்தது. மடியில் கடைசித் துண்டு இருந்தது. கொடுத்தேன். அடுத்த கல்லுக்குப் போயிற்று. அடுத்த கல்லுக்கு. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கல் வரிசையோடு மேலே ஏறி ரப்பர் மரத்துக்குள் மறைந்தது. அது அங்கே பல வருஷம் கிடந்து கிழமாகிச் செத்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். என் வீட்டுக்காரர் அதற்கு எவ்வளவோ முன்னால், அடுத்த ஆடியில் போய்விட்டார்.

"வாரைக் கொண்டு போ. இஞ்ச அது வேண்டாம்" என்றார் வாட்சர்.

திரும்பி நடந்தேன். கையில் வெறும் வார். பார்த்து நடக்க மூக்கு இல்லை. அதனால் வெள்ளையாக நின்றவற்றை எண்ணிக்கொண்டு வந்தேன்.

எங்கள் முக்குக்கு வந்தபோது இன்னும் விளக்கு வைக்கவில்லை. கோமரத்தாடி பீடத்தின் முன்னால் தனியாக உட்கார்ந்து திரி திரித்துக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்தார். வாரைப் பார்த்தார். அதன் மறு நுனி தரையில் இழுபடுவதைப் பார்த்தார்.

"எங்க?"

"இல்ல" என்றேன்.

அவர் அடுத்த திரியை எடுத்தார். நான் இறங்கினேன்.

முற்றத்தில் வெள்ளைக் கல்லின் அடியில் ஒரு வாழையிலைப் பொதி இருந்தது. நாரால் கட்டவில்லை, சும்மா மடித்து வைத்திருந்தது. விரித்தேன். சோறும் இறைச்சியும் சேர்த்துப் பிசைந்த உருண்டை. ஓரத்தில் எறும்பு செத்துக் கிடந்தது. கொடை முடிய இன்னும் நாள் இருந்தது. காப்பு யாருக்கும் நினைவில்லை போலிருக்கிறது. யார் வைத்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. கோமரத்தாடி என்று சொல்ல மாட்டேன். சாயாக்கடைக்காரர் என்றும் சொல்ல மாட்டேன்.

மண்வெட்டி எடுத்துப் பலாமூட்டுக்கு அந்தப் பக்கம் ஆழமாகக் குழி வெட்டினேன். பொதியைப் போட்டு மூடினேன். கோழி கிளறாமல் இருக்க அந்தக் கல்லைப் பெயர்த்து மேலே வைத்தேன். வெள்ளைப் பக்கம் மண்ணுக்குள் போகும்படி வைத்தேன். கையைச் சாம்பல் போட்டுக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

உள்ளே போனேன். அவர் விழித்துக் கிடந்தார். பகலில் யார் வந்தது என்று கேட்டேன். ஒறங்கிப்போனேன் என்றார். பொதியைப் பற்றி நான் சொல்லவில்லை.

"சேத்துட்டியா?"

"சேத்தாச்சு. நல்லா இருக்கு."

அவர் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். வெறும் தரை. கையை எடுத்துக்கொண்டார். விளக்கைப் பொருத்தினேன். கொஞ்சம் இருமினார். பிறகு கேட்டார்.

"வழியில வெள்ளை அடிச்சது எம்புட்டு இருந்து?"

"மைல்கல்லு, பாலம், குருசடி, பீடம் எல்லாம் சேத்தா?"

"எல்லாம் சேத்து. எஸ்டேட்டு கேட்டு வரைக்கும்."

"இருபத்தாறு."